ஐந்தில் இரண்டு ஓடவில்லை

ஜூன் 3, திங்கள்

இன்று ஐந்து கேபினெட்டுகள் வந்திறங்கின. கம்ப்யூட்டரின் உள்ளுறுப்புகளைப் பொதிந்து வைக்கிற தகரப் பெட்டி. ஊரில் பாதிப் பேர் இதைத்தான் ‘சிபியு’ என்கிறார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. கணபதி ஏரியாவில் ஈஸ்வரமூர்த்தி என்பவரின் பட்டறையில் செய்தது. இதுவரை மோட்டார் பம்புகளின் ஸ்டார்ட்டருக்குப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் கம்ப்யூட்டர் பக்கம் வந்திருக்கிறார். ஒரு கல்லூரிக் குழுமம் தன் ஆய்வகங்களுக்கு ஆயிரத்து இருநூறு பெட்டி வாங்க யோசிக்கிறது. வாங்குவதற்கு முன் வெளியாள் ஒருவர் இதில் வேலை செய்து பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்த வெளியாள் நான்.

கொள்முதல் அதிகாரி ஜெயசீலன் போனில் சொன்னார்: “மேடம், வெளிய பளபளப்பா இருக்குதான்னு எல்லாரும் பாத்துருவாங்க. உள்ள கைய விட்டு வேலை செய்யறவங்களுக்கு எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியோணும். தினமும் குறிப்பு எழுதுங்க.”

அவருக்கான குறிப்பு தனி நோட்டில். இது எனக்கானது. இருபத்து மூன்று வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்து, அடுத்தவர் செய்த பெட்டிகளைத் திறந்து, கையைக் கிழித்துக்கொண்டு, செய்தவனைத் திட்டிக்கொண்டே மூடியிருக்கிறேன். “சாந்தாமணி, இந்தப் பெட்டியைப் பற்றி என்ன நினைக்கிறாய்?” என்று யாராவது கேட்பது இதுவே முதல் தடவை. ஒரு டைரி போடலாம், தப்பில்லை.

என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து டவுன் பஸ் கண்டக்டர். ஐந்து அட்டைப்பெட்டிகளையும் பார்த்துவிட்டு, “ஏம் புள்ள, நின்னு வர்றதுக்கு எடமிருக்குதா?” என்று கேட்டார். அவருக்கு எல்லாமே பஸ்தான்.

ஜூன் 4, செவ்வாய்

முதல் பெட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனேன். காலை ஏழு மணி, நல்ல வெயில். துணிக்கொடிக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக உள்விளிம்பு முழுவதும் விரலை ஓட்டினேன். மலிவான பெட்டிகளில் தகட்டை வெட்டியபடியே விட்டிருப்பார்கள், பிளேடு மாதிரி இருக்கும். என் இரண்டு கைகளிலுமாகப் பதினோரு தழும்பு இருக்கிறது. ஈஸ்வரமூர்த்தி ஒவ்வொரு விளிம்பையும் மடித்து உருட்டியிருக்கிறார். குழந்தை கையை விட்டாலும் ஒன்றும் ஆகாது. இதற்கே இவருக்குப் பாதி மதிப்பெண் போடலாம்.

எல்லா உறுப்புகளையும் செருகுகிற மதர்போர்டு உட்காரும் தகடு ஆடவில்லை. பவர் சப்ளைக்குக் கீழே தனி அறை. முன்னால் இரண்டு ஃபேனுக்கு இடம். உள்ளே எல்லாம் கன்னங்கரேலென்று கறுப்புப் பெயிண்ட். பார்க்கப் பெரிய மனுஷத்தனமாக இருக்கிறது.

கல்லூரியிலிருந்து அனுப்பியிருந்த உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சை அழுத்தினேன். ஓடியது. கீழே இறங்கியபோது இட்லி ஆறிப்போயிருந்தது. வீட்டுக்காரர் என் பங்கிலும் இரண்டைச் சாப்பிட்டிருந்தார்.

ஜூன் 5, புதன்

இன்றும் மாடிதான். இரண்டாவதும் மூன்றாவதும் முடிந்தன. இரண்டும் ஓடின.

ஆனால் ஒரு பெரிய குறை கண்டுபிடித்தேன். மதர்போர்டுத் தகட்டுக்குப் பின்னால், ஒயர்களை எல்லாம் ஒதுக்கி மறைக்க ஒரு சந்து விட வேண்டும். ஈஸ்வரமூர்த்தி விட்டிருப்பது பதினோரு மில்லிமீட்டர். தடித்த பவர் ஒயர் ஒன்றின் மேல் இன்னொன்று வந்தாலே கதவு மூடாது. அமுக்கினேன். முட்டியை வைத்து அமுக்கினேன். கடைசியில் டூட்டிக்குக் கிளம்பி நின்ற வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பெட்டியைப் படுக்கப் போட்டு, மேலே உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார், நான் ஸ்க்ரூவை முடுக்கினேன்.

“ஆயிரத்தி எரநூறு பொட்டிக்கும் என்னையக் கூட்டிட்டுப் போவியா?” என்று கேட்டார்.

அலுவல் நோட்டில், “கதவை மூட இன்னொரு ஆள் தேவைப்படுகிறது” என்று மட்டும் எழுதினேன்.

ஜூன் 7, வெள்ளி

மேகம் கவிந்து தூறல். மாடிக்குப் போக முடியவில்லை. நான்காவதைக் கடையிலேயே வைத்துச் செய்தேன். ரத்தினபுரியில் என் கடை வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. ஒரே ஒரு ஷட்டர், உள்ளே ஒரு டியூப் லைட்.

இந்தக் கறுப்புப் பெயிண்ட் சரியில்லை. உள்ளே எது ஓட்டை, எது நிழல் என்றே தெரியவில்லை. ஸ்க்ரூ மூன்று தடவை கீழே விழுந்தது. தகட்டில் குத்தியிருக்கும் அடையாள எழுத்துகள் சுத்தமாகப் பதியவில்லை. முதல் மூன்று பெட்டியில் பதிந்திருந்தன. அச்சு தேய்ந்துவிட்டது போல.

எல்லாம் பூட்டி சுவிட்சை அழுத்தினால், சத்தமே இல்லை. கோளாறு போர்டிலா, சுவிட்சிலா? பெட்டியின் முகப்பிலிருக்கும் சுவிட்சிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று வரும். அதை மதர்போர்டின் ஓரத்தில் ஊசி மாதிரி நிற்கும் பின்களில் இரண்டின் மேல் செருக வேண்டும். ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்தப் பின்களை இரண்டிரண்டாக இணைத்து வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். ஓடியது. ஆக போர்டு நல்லது, சுவிட்சுதான் கெட்டது.

ஜூன் 8, சனி

ஐந்தாவதும் ஓடவில்லை. அதே கோளாறு. ஐந்தில் இரண்டு! அந்தக் கணக்கில் ஆயிரத்து இருநூறில் நானூற்று எண்பது. ஜெயசீலனுக்கும் ஈஸ்வரமூர்த்திக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். “சுவிட்சு ஒயர் வேலை சுத்தமில்லைங்ணா” என்றேன் ஈஸ்வரமூர்த்தியிடம். “நேர்ல வந்து பாக்கறனுங்க” என்றார்.

கேஸ் சிலிண்டர் வரும் தேதி மெசேஜில் வந்தது. கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். பதினெட்டா பதிமூன்றா என்று குழப்பம். இந்த போன் கம்பெனிக்காரர்கள் எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். வீட்டுக்காரர் தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “பதிமூணு” என்றார். பாவம், அவருக்கு நாற்பத்தெட்டிலேயே கண்ணாடி வந்துவிட்டது. நான் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டுக் கேலி செய்வேன். எனக்கும் அவருக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம், இருந்தாலும் என் கண் ஆந்தைக் கண்.

ஜூன் 10, திங்கள்

ஈஸ்வரமூர்த்தி நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல், கையில் எண்ணெய்க் கறை. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பின்பக்கச் சந்து பற்றிச் சண்டை போட்டோம். “தகட்டோட அகலமே அவ்வளவுதானுங்க மேடம். பொட்டியப் பெருசு பண்ணுனா, காலேஜு மேசைக்கு அடியில போகாதுங்க” என்றார். “அப்ப ஒயரெல்லாம் எங்கீங்ணா போறது?” என்றேன். ஸ்கேலை எடுத்து நான்கு தடவை அளந்தார். நான்கு தடவையும் பதினொன்றுதான் வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

சுவிட்சு விஷயத்தில் அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் கழற்றித் மின்தொடர்பு சரியா என்று காட்டும் தன் மீட்டரில் வைத்துப் பார்த்தார். அழுத்தும்போதெல்லாம் பீப் பீப் என்றது. “எங்கிட்ட நல்லாத்தானுங்க காட்டுது. ஆனா நீங்க இத்தன வருசமாப் பாக்கறவீங்க. ஒயர் நுனி லூசா இருக்கும். ஒருக்காப் புடிக்கும், ஒருக்காப் புடிக்காது. நான் பாத்துக்கறனுங்க.” வேறு இரண்டு சுவிட்சு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காபிகூடக் குடிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

கடைக்கு இன்னொரு டியூப் லைட் போட்டேன். பழையது மங்கிவிட்டது. புதியதும் மங்கலாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

சுவிட்சுகளை நானே வாங்கி வருகிறேன் என்று பட்டறைக்குப் போனேன். எங்கே எப்படிச் செய்கிறார்கள் என்றும் பார்க்கலாமே.

பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். தகட்டை வெட்டுகிற மெஷின் சத்தத்தில் பேச்சே கேட்காது. ஜன்னலோரம் ஒயர் மேசை இருந்தது. முப்பத்தெட்டு வயசு இருக்கும், நெற்றியில் விபூதி வைத்த பெண் ஒருத்தி அதைத் தாண்டி, தரையில் உட்கார்ந்து எண்ணெய்த் தகடுகளைக் கந்தலால் துடைத்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகியிருந்தது. ஒயர் மேசையில் வேறு யாரோ.

“அது பேபிங்க,” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “பதினோரு வருசமா ஒயரு வேலை அவளோடதுதான். ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. இப்ப ரெண்டு வந்துருச்சு பாருங்க. இந்த ஆர்டரு போச்சுன்னா எல்லாத்துக்கும் கஷ்டம். கொஞ்ச நாளைக்குத் தகடு தொடைக்கட்டும்னு மாத்திப்போட்டனுங்க.”

சுவிட்சுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தரக்கட்டுப்பாடு என்றால் அப்படித்தான். இரவு ரசத்தில் உப்பு கூடிவிட்டது.

ஜூன் 13, வியாழன்

மழை. புது சுவிட்சு இரண்டையும் நான்காவது, ஐந்தாவது பெட்டிகளில் மாட்டினேன். இரண்டும் ஓடவில்லை.

நான்கு சுவிட்சும் கெட்டதா?

இருக்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பேபி கடைக்கு வந்தாள். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“அக்கா, சண்டைக்கு வரலீங்க. எந்த எடத்துல லூசாப் போச்சுன்னு எனக்குக் காட்டுங்க. தெரிஞ்சாத்தான அடுத்ததுல சரி பண்ணுவேன்.”

நியாயமான கேள்வி. உட்கார வைத்து மோர் கொடுத்தேன். நான்காவது பெட்டியின் கதவைக் கழற்றிக் காட்டினேன். அவள் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். தான் செய்யும் ஒயர் போய்ச் சேரும் இடத்தை அவள் பார்த்ததே இல்லையாம். “இவ்வளவு பக்கத்துலயேதான் போகுதுங்களா?” என்று ஆச்சரியப்பட்டாள்.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலால் தொடாமல் சுட்டிக்காட்டிக் கேட்டாள்:

“அக்கா, ஒயரு மூக்குல பவர்னு எழுதியிருக்குது. போர்டுல பி, டபிள்யூ, ஆர்னு இந்த ரெண்டு ஊசிக்குக் கீழ போட்டிருக்குதுங்க. நீங்க பக்கத்து ரெண்டுல மாட்டியிருக்கீங்களே. அது அப்படித்தான் மாட்டோணுங்களா?”

நான் குனிந்து பார்த்தேன். அங்கே எழுத்து இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தூசி மாதிரி இருந்தது.

“அப்படியும் மாட்டலாம்” என்றேன்.

“ஓ, சரிங்க” என்றாள். என்னை நம்பிவிட்டாள். மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் உள்ளங்கையெல்லாம் தகடு கீறிய கோடுகள்.

ஜூன் 15, சனி

எழுத ஒன்றுமில்லை. மாவு அரைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

இவர் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது கண்ணாடியை என் வேலை மேசையில், ஸ்க்ரூ டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மறந்துவிட்டார் என்று நினைத்து, கொண்டுபோய்க் கொடுக்கலாமென்று கையில் எடுத்தேன். எடுத்தவள் மாட்டிப் பார்த்தேன்.

ஐயோ.

ஸ்க்ரூ டப்பாவில் எத்தனை விதமான ஸ்க்ரூ! தலையில் கூட்டல் குறி தெரிகிறது. கை ரேகை தெரிகிறது. மேசை மேல் இவ்வளவு அழுக்கா? சுவரிலிருந்த காலண்டரில் ராகு காலம் படிக்க முடிகிறது. நான் இத்தனை நாளாக அதை உத்தேசமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு நான்காவது பெட்டியைத் திறந்தேன். அடையாள எழுத்துகள் தகட்டில் பளிச்சென்று குத்தியிருந்தன. அச்சு தேயவில்லை. மதர்போர்டின் மூலையில் குனிந்தேன். பேபி சொன்னது சரி. பவர் ஒயரை, பக்கத்திலிருக்கும் ரீசெட் பின்களில் மாட்டியிருந்தேன். ஐந்தாவதிலும் அதேதான். ஒவ்வொன்றையும் இரண்டு பின் தள்ளி மாட்டி, சுவிட்சை அழுத்தினேன். இரண்டும் ஓடின. முதல் மூன்றும் ஏன் ஓடின என்றும் புரிந்தது. மாடியில் வெயில் இருந்தது.

மீட்டரை எடுத்து சுவிட்சில் வைக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? கடையில் வேலை கற்க வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வதே அதுதான்: அளக்காமல் எதையும் கெட்டது என்று சொல்லாதே. ஈஸ்வரமூர்த்தி என் கண் முன்னாலேயே அளந்தார். பீப் என்ற சத்தம் என் காதில் விழுந்தது. காது நன்றாகத்தான் இருக்கிறது.

டைரியை முதலிலிருந்து படித்தேன், அவர் கண்ணாடியோடு. ஆந்தைக் கண்ணாம்!

சாயந்திரம் இவர் வந்ததும் கண்ணாடியை நீட்டினேன். “மறந்துட்டுப் போயிட்டீங்க.”

“மறக்கல புள்ள.”

“எத்தன நாளாத் தெரியும்?”

“ஒரு வருசமா உப்புமாவுல கல்லு கெடக்குது. சொன்னா ஒத்துக்குவியா?”

“டிக்கெட்டு எப்படிக் குடுத்தீங்க இன்னிக்கு?”

“பாதிப் பேருக்கு உத்தேசமாத்தான்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பேபியைப் பற்றிச் சொன்னேன். அவர் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, “நாளைக்கு எத்தன மணிக்குப் பட்டறை தொறக்குது? எம் பஸ்ஸுலயே வா” என்றார்.

ஜூன் 17, திங்கள்

எட்டரை மணிக்குப் போய்விட்டேன். மெஷின்களை இன்னும் ஓட விடவில்லை. எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். ஈஸ்வரமூர்த்தி தன் அறைக்குக் கூப்பிட்டார். “இங்கயே சொல்றனுங்ணா” என்றேன். சொன்னதை எழுதிவைக்கிறேன், பின்னால் நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

“சுவிட்சு நாலும் நல்ல சுவிட்சு. ஒயர்ல லூசு இல்ல. எனக்குக் கிட்டத்துல எழுத்துத் தெரியல. வேற பின்னுல மாட்டிப்போட்டு, பேபி மேல பழி போட்டுட்டேன். பேபி நேர்ல வந்து கரெக்டாக் கேட்டா. அப்பவும் நான் ஒத்துக்கல. தப்பு என்னோடது.”

ஈஸ்வரமூர்த்தி என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பேபியிடம் போனார்.

“நான் மீட்டர்ல பாத்தேன் பேபி. நல்லாத்தான் இருந்துச்சு. பாத்தும் உன்னைய நம்பாமப் போயிட்டேன். மனசுல வெச்சுக்காத.”

பேபி கந்தலை மடித்துக் கீழே வைத்தாள். “ஒரு வாரம் தகடு தொடச்சேனுங்க. கையில சோறு பெசஞ்சா எரியுது. பரவால்லீங்கன்னு சொல்ல வாய் வரலீங்க,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “ஆனா நீங்க வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லீட்டீங்க. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது” என்றாள்.

“கேளு பேபி. ஏதாச்சும் கேளு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அந்தப் பொட்டிக்குள்ள எது எங்க போகுதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. அன்னிக்குப் பாத்ததுல இருந்து அதுவேதான் ஞாபகமா இருக்குது.”

ஒயர் மேசைக்கு அவள் திரும்பிப் போனபோது, அங்கே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஜூன் 18, செவ்வாய்

கண் டாக்டர் எனக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். “ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்” என்றார். பச்சைச் சட்டம் எடுத்தேன். கண்ணாடிக் கடைக்காரர் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் தருகிற மாதிரி, துடைக்க ஒரு துணியும் கொடுத்தார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “வாங்க பாட்டி” என்றார். வாங்கிக்கொண்டேன், நியாயம்தானே.

ஐந்து பெட்டிகளையும் பிரித்து மறுபடி முதலிலிருந்து பூட்டினேன். என் நோட்டில் ஒன்பது குறைகள் இருந்தன. சுவிட்சு, எழுத்துப் பதிவு, ஸ்க்ரூ நழுவுவது, இன்னும் ஒன்று: நான்கையும் அடித்தேன். பின்பக்கச் சந்து குறை அப்படியே நிற்கிறது. மேல் மூலையில் ஒயர் வெளிவரும் ஓட்டை போர்டுக்குப் பின்னால் மறைந்துபோவதும் நிற்கிறது. கண்ணாடி போட்டாலும் பதினொன்று பதினொன்றுதான்.

கறுப்புப் பெயிண்டைப் பற்றி எழுதியதை அடிக்கப் போனேன். பேனா நின்றது. ஜெயசீலனுக்கு போன் போட்டேன். “சார், உங்க லேப்ல இந்தப் பெட்டியெல்லாம் தொறந்து வேலை செய்யறது யாருங்க?”

“லேப் அசிஸ்டெண்ட்டுங்கதான். ஒம்பது பேர். ஏன் மேடம்?”

“வயசு?”

“எல்லாரும் அம்பதத் தொட்டவங்க. ரெண்டு பேரு அடுத்த வருஷம் ரிடையர்டு.”

“கண்ணாடி போட்டிருக்காங்களா?”

“சில பேரு. மத்தவங்க வேண்டாம்னு சொல்லிட்டிருப்பாங்க” என்று சிரித்தார்.

அந்த மற்றவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூன் 20, வியாழன்

அறிக்கை அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்திலேயே எழுதினேன்: இரண்டு பெட்டி ஓடவில்லை என்று நான் சொன்னது தவறு, பார்வைக் குறையால் நான் ஒயரை மாற்றி மாட்டினேன், சுவிட்சிலோ அதைச் செய்தவரிடமோ குற்றமில்லை. அடுத்து எழுதினேன்: ஆனால் என்னைப் போன்றவர்கள்தான் இந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறார்கள். ஆகவே உள்ளே வெள்ளைப் பெயிண்ட் வேண்டும். எந்த ஒயர் எந்தப் பின்னுக்கு என்று கதவின் உட்பக்கம் பெரிய எழுத்தில் படம் ஒட்ட வேண்டும். சுவிட்சு, ரீசெட், விளக்குகள் என்று முகப்பிலிருந்து வரும் ஒயர் நான்கும் நான்கு நிறத்தில் இருக்க வேண்டும். பின்பக்கச் சந்துக்கும் மூலை ஓட்டைக்கும் வழி செய்ய வேண்டும்.

இனிமேல் யாரும் என்னிடம் அறிக்கை கேட்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே பொத்தானை அமுக்கினேன்.

மாலையில் ஜெயசீலன் கூப்பிட்டார். “மேடம், பதினஞ்சு வருஷமா அறிக்கை வாங்கறேன். எழுதினவங்களே தங்களோட தப்ப மொதல் பக்கத்துல போட்டு வந்தது இதுதான். கமிட்டியில ஒருத்தர் இதெல்லாம் எதுக்குன்னு கேட்டாரு. மீதியெல்லாம் நம்பலாம்ங்கறதுக்குத்தான் சார்னு சொன்னேன்.” மாற்றிய பெட்டி ஒன்றைப் புதன்கிழமை கமிட்டி முன்னால் பூட்டிக் காட்ட வேண்டுமாம். சரியாக வந்தால் ஆர்டர், இல்லையென்றால் வேறு ஊர்ப் பெட்டி.

“யாரு சார் பூட்டறது? நானா?”

“நீங்க வேண்டாம் மேடம். உங்களுக்குக் கண்ணை மூடிட்டே வரும்” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்தோம். “இதுவரைக்கும் பூட்டியே பாக்காத ஆளு யாராவது இருந்தாச் சொல்லுங்க.”

இருக்கிறாள் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

பட்டறையில் புதுப் பெட்டி தயார். உள்ளே வெள்ளை வெளேரென்று சலவை வேட்டி மாதிரி இருக்கிறது. சந்துக்கு ஈஸ்வரமூர்த்தி கண்டுபிடித்த வழியைப் பார்த்து அசந்துவிட்டேன். பெட்டியை அகலப்படுத்தவில்லை. கதவுத் தகட்டின் நடுப்பகுதியை மட்டும் அச்சில் வைத்து வெளிப்பக்கம் லேசாக உப்ப வைத்திருக்கிறார். உள்ளே எட்டு மில்லிமீட்டர் கூடுதல். மூலை ஓட்டையையும் போர்டு மறைக்காதபடி தள்ளிப் போட்டிருக்கிறார். “ஸ்டார்ட்டர் பொட்டிக்கு முப்பது வருசமா இதத்தானுங்க பண்ணிட்டிருக்கறேன். இதுக்குத் தோணல பாருங்க” என்று தலையில் தட்டிக்கொண்டார். ஒற்றை விரலால் கதவைத் தள்ளினேன். மூடிக்கொண்டது. நாச்சிமுத்துவுக்கு வேலை போய்விட்டது.

பேபிக்கு இரண்டு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளமைப்பை விளக்கிக்கொண்டிருக்கிறேன். பூட்டிப் பார்க்க விடவில்லை, புதன்கிழமை பொய்யாகிவிடும். பெயரும் இடமும் மட்டும். அவள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு எனக்கே பதில் தெரியவில்லை. “சூடு மேல போகுமுங்கல்ல, அப்ப ஃபேனு எதுக்கு முன்னால இருக்குது?” என்றாள். முன்னாலிருந்து குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துப் பின்னால் தள்ளுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

பேபி போனில்: “அக்கா, நாளைக்கு எந்தச் சேலை கட்டட்டும்?” முந்தானை ஃபேனில் மாட்டாத சேலை என்றேன்.

ஜூன் 26, புதன்

கல்லூரி ஆய்வகம். நீள மேசை, ஒரே டியூப் லைட், வெளியே மழை. கமிட்டியில் நான்கு பேர். சுவரோரம் ஒன்பது லேப் அசிஸ்டெண்ட்டுகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஈஸ்வரமூர்த்தி உட்காரவே இல்லை, ஸ்கேலைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கமிட்டியில் வயதான பேராசிரியர் ஒருவர், “இந்தம்மா இதுக்கு முன்னாடி பூட்டினதே இல்லையா?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பேபியே, “இல்லீங்க” என்று பதில் சொன்னாள்.

பேசக் கூடாது என்று எனக்குக் கட்டளை. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

பேபி முதலில் கதவின் உட்பக்கப் படத்தை முழுவதும் படித்தாள். பிறகு போர்டைத் தூக்கி வைத்தாள். ஒன்பது ஸ்க்ரூவில் ஒன்று நழுவி உள்ளே விழுந்தது. வெள்ளைத் தகட்டில் அது தெளிவாகத் தெரிந்தது, குனிந்து எடுத்துக்கொண்டாள். பவர் சப்ளையைக் கீழ் அறையில் தள்ளினாள். தடித்த ஒயரை மூலை ஓட்டை வழியாகப் பின்னால் எடுத்து, சந்தில் படுக்க வைத்துக் கட்டினாள். ஒருமுறை ஒயரைத் தலைகீழாகச் செருகப் பார்த்தாள். போகவில்லை. கொஞ்சம் யோசித்துத் திருப்பிச் செருகினாள். நாற்பத்தேழாவது நிமிடத்தில் முகப்பு ஒயர் நான்கும் மிச்சம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். அவள் கையால் முறுக்கிய ஒயர்கள். லேப் அசிஸ்டெண்ட் ஒருவர் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

ஒவ்வொன்றாகச் செருகினாள். கதவைச் சாய்த்து ஒரு கையால் தள்ளினாள். மூடியது.

“அமுக்கட்டுங்களா?” என்று ஜெயசீலனைக் கேட்டாள்.

“அமுக்குங்க.”

அமுக்கினாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் எழுந்தது. முகப்பில் விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து ஓடியது. ஈஸ்வரமூர்த்தி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். வயதான பேராசிரியர் தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம், “எழுதிக்குங்க, ஆயிரத்து இருநூறு” என்றார்.

பேபிக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் அதிர்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பதினோரு வருசத்துல எத்தனையோ ஆயிரம் சுவிட்சுக்கு ஒயரு முறுக்கியிருக்கேன். ஒண்ணக்கூட அமுக்கிப் பாத்ததில்லீங்க.”

பிறகு கமிட்டியின் பக்கம் திரும்பி, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாள்:

“அணைச்சுப்போட்டு இன்னொருக்கா அமுக்கிக்கட்டுங்களா?”